அறுபத்து மூன்று மஞ்சள், ஒரு பச்சை

மானுட வரலாற்றில் இதுவரை நிகழாததும் இனிமேல் நிகழ வாய்ப்பில்லாததுமான ஒரு மாபெரும் நிகழ்வு, வருகிற ஞாயிறு மாலை சரியாக நான்கு மணிக்கு நம் சபையின் கூட்ட அரங்கில் நடைபெறவிருக்கிறது என்பதைச் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பதில் விடுமுறை வேதாகமப் பள்ளிக் குழு அளவில்லாத பெருமை கொள்கிறது. அன்று, ஆறு முதல் பதினொரு வயது வரையிலான அறுபத்து நான்கு சிறுவர் சிறுமியர், தங்கள் சொந்தக் கரங்களால் உருவாக்கிய அறுபத்து நான்கு கோழிக்குஞ்சுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குஞ்சுகள் உல்லன் நூலால் ஆனவை. பெற்றோர் செல்போனை அணைத்துவிட்டு வரவும். தேநீர் உண்டு.

சபைச் செயலர் ரசலையன் சார் இதை ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசித்தார். 'சொந்தக் கரங்களால்' என்று வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி ஒரு மூச்சு நிறுத்தினார். உதவித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் அவர். தலைமையாசிரியராக ஆக முடியாத குறையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சபையின் மீது தீர்த்துக்கொண்டிருந்தார். போதகர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்ததால் மைக்கும் சாவிக்கொத்தும் முழுதாக அவர் கையில் இருந்தன.

தக்கலைக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற அந்த ஊரில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குத் தப்பிய வீடு கிடையாது. தன் வீட்டு முன்னறைத் தையல் கடையில் பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ராகேல் தலையைத் தூக்கிக் கேட்டாள். கைவினை ஆசிரியை என்ற முறையில் அவள் பெயர் அறிவிப்பில் வரவில்லை. அதில் அவளுக்கு வருத்தமில்லை. மே மாதத்தில், ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் சீருடை தைக்க வேண்டிய நேரத்தில், தினமும் இரண்டு மணி நேரம் கடையைப் பூட்டிவிட்டுப் போவது தன் தலையெழுத்து என்று அவள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டாள். ராகேலின் கோபமும் ஊர் அறிந்ததுதான். அளவுச் சட்டை கொண்டுவராமல் 'சும்மா கண்ணால பாத்துத் தச்சிரு' என்று சொன்ன சபைப் பொருளாளரையே, 'கண்ணால பாத்தா போருமா, கண்ணாலயே போட்டுக்கிடுங்க' என்று படியிறக்கி விட்டவள்.

ஆனால் பிள்ளைகளிடம் அவள் கோபப்படுவதில்லை. கோபப்பட்டால் குஞ்சு வராது.

குஞ்சு செய்வது இப்படி. மூன்று விரல்களை ஒட்டி நீட்ட வேண்டும். உல்லன் நூலை அவற்றின் மேல் அறுபது சுற்று சுற்ற வேண்டும். உருவி எடுத்து, நடுவில் இன்னொரு நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்க வளையங்களையும் வெட்டி உதறினால் ஒரு பஞ்சுப்பந்து கிடைக்கும். அதை உருண்டையாகக் கத்தரித்தால் உடம்பு. இன்னும் சின்னதாக ஒன்று செய்தால் தலை. சிவப்புத் தாளில் மூக்கு. இதைவிட எளிய கைவேலை உலகத்தில் கிடையாது என்று செல்போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் முன்னால் அறுபத்து நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கவில்லை.

அபின் என்ற பயல் தன் முழுப் பலத்தையும் காட்டிச் சுற்றியதில் மூன்று விரலும் நாவல்பழ நிறத்துக்கு வந்து, 'டீச்சரே, எனக்க கை செத்துப் போச்சு' என்று கூப்பாடு போட்டான். ஒருத்தி எண்ணிக்கை தெரியாமல் இருநூறு சுற்றுச் சுற்றி, குஞ்சுக்குப் பதில் ஒரு தாய்க்கோழியையே கொண்டுவந்தாள். இன்னொருத்தன் கத்தரிக்கத் தொடங்கியவன் நிறுத்தத் தெரியாமல் கத்தரித்து, கடைசியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்றை மிச்சம் வைத்தான். கண்களுக்கு ராகேல் தன் கடைப் பொத்தான் டப்பாவைத் திறந்துவிட்டாள். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், போன தலைமுறைப் பாவாடைக் கொக்கி எல்லாம் கண்ணாயின. பத்து நாள் முடிவில் மேசையில் நின்ற அறுபத்து நான்கு உருவங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒன்றுக்கு மூக்கு பின்பக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு முழி இருந்தது.

இந்துஜாவின் குஞ்சு பச்சை.

இந்துஜாவுக்கு எட்டு வயது. அவள் வீட்டில் அய்யாவழி, சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. பாட்டுக்கும் ரஸ்னாவுக்கும் கூட்டாளிகளுக்குமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வருவதுபோல அவளும் வந்தாள். அவள் முறை வந்தபோது மஞ்சள் உல்லன் தீர்ந்துபோயிருந்தது, தாய்க்கோழிக்காரி தின்றுவிட்டாள். பச்சை மட்டும் மிச்சம்.

"மக்களே, நாளைக்குத் தக்கலைக்குப் போயி மஞ்சள் வாங்கியாறேன்," என்றாள் ராகேல்.

"வேண்டாம் டீச்சர். எனக்குப் பச்சையே போரும்."

"பச்சைக்குஞ்சு எங்கட்டி உண்டு?"

"சாஸ்தா கோயில் திருவிழாவுல வித்தாவல்லா. சாயம் முக்கினது. நான் அழுதேன். அப்பா வாங்கித் தரல்ல. ரெண்டு நாள்ல செத்துப் போவும்னு பறஞ்சாவ." நூலைச் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டாள். "இது சாவாதுல்லா டீச்சர்?"

"சாவாது."

"அப்பம் அப்பாட்ட காட்டணும். ஞாயிற்றுக்கெழமை வருவாவ."

அப்பா முருகதாஸ் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறும் வேலை. மகளுக்காக அரை நாள் கேட்டு வாங்கியிருந்தார். இந்துஜா ஒரு கண்ணுக்குக் கோட்டுப் பொத்தானும் மறு கண்ணுக்குச் சட்டைப் பொத்தானும் ஒட்டினாள். ராகேல் அவள் பெயரைச் சீட்டில் எழுதி, குஞ்சின் காலடியில் குத்தினாள்.

"மொத வரிசையில வைப்பேன். நீயும் அப்பாவும் வந்து பாருங்க," என்றாள். ராகேல் சொன்ன தேதியில் துணி கொடுக்காத தையற்காரி இல்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ரசலையன் சார் பார்வையிட வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். தேர்வு அறையில் நடக்கும் நடை.

"ராகேல், இது என்னதாக்கும்?"

"குஞ்சு சாரே."

"ஒண்ணொண்ணும் வேற வேற மாதிரில்லா இருக்கு?"

"வேற வேற பிள்ளைய செஞ்சதுல்லா."

"ஒரு சீர் வேணும். அணிவகுப்புல ஒருத்தன் மட்டும் மாத்திக் கால வச்சா எப்படி இருக்கும்?"

"குஞ்சுக்கு என்னத்துக்கு சாரே அணிவகுப்பு?"

அவர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பச்சைக் குஞ்சின் முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது என்ன, பாசி பிடிச்சுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு முகம் கனத்தது. "நடுவர் நாகர்கோவில்ல இருந்து வாராவ. அஞ்சு சபை கைவினைப் போட்டியில இருக்கு. அந்தக் கேடயம் பதினொரு வருசமா நம்ம பக்கம் திரும்பிப் பாக்கல்ல. இதெல்லாம்…" கையை மேசை மேல் ஒரு வீச்சு வீசினார். "இதெல்லாம் சின்னப்பிள்ளைய செஞ்ச மாதிரில்லா இருக்கு!"

  இப்படி ஒரு குற்றச்சாட்டுக்கு உலகத்தில் யாரிடம் பதில் இருக்கும்?

அவர் அரங்கைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மேசை விரிப்பைச் சரிசெய்ய வந்த ராகேல் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளை விரிப்பின் மேல் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு மஞ்சள் குஞ்சுகள். ஒரே உயரம், ஒரே உருட்டு. பளபளக்கும் பிளாஸ்டிக் கண்கள் நூற்றிருபத்தெட்டும் ஒரே திசையைப் பார்த்தன. காலடியில், அவள் கைப்பட எழுதிய பெயர்ச் சீட்டுகள். ரசலையன் சாரின் மருமகள் பெமிலா ஓரத்துக் குஞ்சு ஒன்றை அளவுகோல் வைத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி பிள்ளைய செஞ்ச குஞ்சு?"

"எனக்குத் தெரியாதுக்கா. மாமா நாகர்கோவில்ல ஒரு ஃபேன்சி கடையைச் சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னாவ. கார்ல போயி வாங்கிட்டு வந்தேன். நல்லா இருக்குல்லா?"

ராகேல் அவளுக்குப் பதில் சொல்லாமல் மேடைக்குப் போனாள். அங்கே ரசலையன் சார் 'உண்மையே நம் உடை' என்ற பேனரைக் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு விடுமுறைப் பள்ளியின் மையப் பொருள் உண்மை. பாட்டும் அவர் எழுதியதுதான்.

"சாரே, பிள்ளைய செஞ்சது எங்க?"

"மேம்படுத்தியிருக்கோம் ராகேல்."

"என்னத்த மேம்படுத்துனிய? சட்டை தைக்கக் குடுத்தவனுக்கு ரெடிமேட் வாங்கிக் குடுத்து, நான் தச்சதாக்கும்னு சொன்னா என்னைச் செருப்பால அடிப்பானா மாட்டானா?"

"மெதுவா பேசு. ஆலய வளாகம்."

"நான் அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன் சாரே."

"எந்தப் பிள்ளை? எல்லாப் பிள்ளை பேரும் சீட்டுல இருக்கே. பாத்துக்க, எழுத்துப் பிழைகூட கெடையாது." அவர் அவள் தோளைத் தாண்டிப் பேனரைப் பார்த்தார். "எடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்து."

ராகேல் திரும்பி நடந்தாள். அரங்கின் பின்வாசல் வழியே இறங்கிப் போனாள். அங்கே, ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் சத்தியநேசன், இருநூறு பேருக்கான தேநீரை அண்டாவில் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். சுடும் மூடி. கையில் பச்சையாக எதையோ பிடிதுணி போல வைத்துப் பிடித்திருந்தார்.

அந்தப் பிடிதுணிக்கு ஒரு கோட்டுப் பொத்தான் கண் இருந்தது.

"அண்ணே, அத வைங்க."

"எத?"

"கையில இருக்கத வைங்க!"

சத்தியநேசன் பயந்துபோய் மூடியைப் போட்டார். சளாரென்று தேநீர் தெறித்தது. "சாரு இதெல்லாம் தீயில போடணும்னு சாக்குல கட்டித் தந்தாவ பிள்ளே. எனக்கு மனசு வரல்ல. துடைக்க ஆவும்னு வச்சிருக்கேன். நாலஞ்சுதான் எடுத்தேன். டியூப்லைட்டு துடைச்சேன். சத்தியமா இவ்வளவுதான்."

அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு கிடந்தது. ராகேல் பச்சைக் குஞ்சைக் கையில் எடுத்தாள். வயிற்றுப் பக்கம் கருகி, உல்லன் உருகிக் கட்டியாகிப் போயிருந்தது. முதுகு முழுக்கத் தேயிலைக் கறை. பிழிந்தால் அரைக் குவளை தேநீர் வரும். சட்டைப் பொத்தான் கண் மட்டும் ஒன்றும் ஆகாமல் அவளையே முழித்துப் பார்த்தது.

அவள் அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. கோபத்தில் ஊசி முறிகிற மாதிரி உள்ளே ஏதோ ஒன்று ஒடிந்து போயிற்று. அவ்வளவுதான். துடைக்க எடுத்திருந்த மற்றவற்றையும் சாக்கில் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு அரங்குக்குள் போய், முன்வரிசை நாற்காலிக்கு அடியில் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்தாள். பச்சைக் குஞ்சைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

கூட்டம் நிரம்பியது. முருகதாஸ் வேலை உடையிலேயே வந்திருந்தார். கால்சட்டை மடிப்பில் கடற்கரை மணல். இந்துஜா அவர் விரலைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனாள். முதல் வரிசை முழுவதும் பார்த்தாள். இரண்டாம் வரிசையையும் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

"எதாக்கும் மக்களே உனக்க குஞ்சு?"

"இல்லப்பா."

"இந்தா, உன் பேரு எழுதியிருக்குல்லா?" முருகதாஸ் மஞ்சள் குஞ்சு ஒன்றைச் சுட்டினார். "நல்லாத்தான செஞ்சிருக்க."

"இது நான் செஞ்சதில்ல. எனக்கது பச்சை. டீச்சர் மொத வரிசையில வைப்பேன்னு பறஞ்சாவ." பிறகு அவள் திரும்பி ராகேலைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. சொன்ன தேதியில் சட்டை தராத கடையிலிருந்து திரும்பிப் போகிறவர்களின் பார்வை. ராகேல் தலைப்பு முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். தொடை மேல் ஈரம் பரவியது.

எழுந்திருக்க நினைத்தாள். அதற்குள் விளக்கேற்றி, ஜெபம் முடிந்து, ரசலையன் சார் பேசத் தொடங்கிவிட்டார். குழந்தைகளின் கரங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அந்தப் பிஞ்சுக் கரங்களில் எதிர்காலம் இருக்கிறது என்றார். அந்தப் பிஞ்சுக் கரங்களில் நூலைக் கொடுத்தோம், அவை நமக்கு உயிரைத் திருப்பித் தந்தன என்றார். கைதட்டலுக்கு நிறுத்தினார். வந்தது. பின்பு அறுபத்து நான்கு பேரும் மேடையேறி அவர் எழுதிய பாட்டைப் பாடினார்கள்:

*கேட்டால் உண்மை சொல்லுவேன்,*
*கேட்கா விட்டாலும் சொல்லுவேன்!*

முதல் வரிக்கு வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு ஒரு சாட்டம், இரண்டு காலும் தரையை விட்டுக் குதிக்க வேண்டும். பத்து நாள் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார்கள்.

நடுவர் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு கண்ணாடிக்கார அம்மாள். மதிப்பெண் தாளோடு மேசையைச் சுற்றி வந்தார். ஒரு குஞ்சை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தங்கங்களா, இந்த அழகான குஞ்செல்லாம் நீங்களேதானே செஞ்சீங்க?"

அறுபத்து நான்கு வலது கைகள் நெஞ்சுக்குப் போயின.

"இல்லை!"

கோரஸ் வெகு சுத்தம். சுருதி விலகவேயில்லை. கடந்த பத்து நாளில் இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் சொன்னதில்லை.

ரசலையன் சாரின் முகத்தில் புன்னகை எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. "பிள்ளைய பயந்து…" என்று மைக்கை நோக்கி நகர்ந்தார். ஆனால் பாட்டில் இரண்டாவது வரியும் உண்டு. இரண்டு மூன்று கூட்டாளிகளோடு மதியமே ஜன்னலில் தொங்கி எல்லாம் பார்த்திருந்த அபின் ஒரு சாட்டம் சாடினான்.

"பெமிலா அக்கா கார்ல கொண்டாந்தாவ!"

"எனக்க குஞ்ச வச்சு டியூப்லைட்டு துடைச்சாவ!" இன்னொரு சாட்டம்.

"சாரு எடுத்துத் தூரப் போட்டாவ!"

மேடைப் பலகை அதிர்ந்தது. பெமிலா அளவுகோலைப் புடவைக்குள் மறைத்தாள்.

ராகேல் எழுந்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தாள். மேசைக்குப் போய், எட்டுக்கு எட்டு அணிவகுப்பின் நட்டநடுவில், வெள்ளை விரிப்பின் மேல், சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். மூன்று கண், ஒரு கண், பின்பக்க மூக்கு, தாய்க்கோழி, கொட்டைப்பாக்கு எல்லாம் தூசியும் பொத்தானுமாகக் கொட்டின. கடைக் குஞ்சுகள் சரிந்து தரையில் உருண்டன.

"இதாக்கும் பிள்ளைய செஞ்சது," என்றாள் நடுவரிடம். மைக் தேவைப்படாத குரல். "சின்னப்பிள்ளைய செஞ்ச மாதிரி இருக்குன்னு எங்க செயலருக்குப் பிடிக்கல்ல. நீங்க மார்க்கு போடுங்க, போடாம போங்க. ஆனா இந்தச் சபையில இனி ஒருத்தன் இந்தப் பிள்ளையளுக்கு உண்மையப் பத்திப் பாட்டுச் சொல்லிக் குடுக்கப்பிடாது. அவியளுக்குத் தெரியும். படிக்க வேண்டியது நாமதான் சாரே."

"ராகேல், உக்காரு!" என்றார் ரசலையன் சார்.

"உக்கார மாட்டேன். உங்களுக்கு ஒரு கோட்டு தச்சுத் தந்தேன்லா. நாளைக்கு அதுவும் நாகர்கோவில்ல வாங்கினதுன்னு சொல்லிக்கிடுங்க."

அதற்குள் பிள்ளைகள் மேடையிலிருந்து சாடி இறங்கி மேசையை மொய்த்துவிட்டார்கள். பெயர்ச் சீட்டு ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒவ்வொன்றும் தன் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்துஜா மட்டும் குவியலைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

ராகேல் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். "இந்தா மக்களே," என்றாள். ஈரத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். 

இந்துஜா குஞ்சை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "தேயிலை மணக்கு."

முருகதாஸ் அதைத் திருப்பிக் கருகிய வயிற்றைப் பார்த்தார். பிறகு ராகேலின் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்தாற்போல இருந்தது. "என்ன மக்களே, பாதி செத்த மாதிரில்லா இருக்கு?" என்றார்.

"இல்லப்பா," என்றாள் இந்துஜா. "தீயில சுட்டுங்கூட சாவல்ல. இது சாவாதுன்னு டீச்சர் பறஞ்சாவல்லா."

அவர் அதைச் சட்டைப்பையில் தலை வெளியே தெரிகிறபடி வைத்துக்கொண்டார். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பைக்குக் கீழே தேயிலை நிறத்தில் ஒரு கறை இறங்கியது. துவைத்தாலும் அது போகாது என்று ராகேலுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் குழு கூடியது. அடுத்த ஆண்டு கைவினை வகுப்பு வேண்டாம் என்றும், பாட்டை மாற்றிவிடுவது என்றும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ராகேல் அன்று ஏழு சட்டைக்குக் காஜா எடுத்தாள். இரண்டு ஊசி முறிந்தது.

கேடயம் பக்கத்துச் சபைக்குப் போயிற்று. அங்கே மேசையில் இருந்தவையும் அதே கடைக் குஞ்சுகள்தான். நடுவர் கேட்டபோது பிள்ளைகள் தாங்கள்தான் செய்ததாகச் சொல்லியிருந்தார்கள்.